ஊர் நின்ற கிணறு

ஜனவரி 20, செவ்வாய்

பேராசிரியர் நந்தகோபாலுக்குத் தமிழ் தெரியாது.

போன சனிக்கிழமை பொங்கல் விழாவில் கையில் சீட்டு இல்லாமல் முக்கால் மணி நேரம் தமிழில் பேசினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனாலும் தெரியாது.

இன்று காலை அவர் புத்தகத்தின் ப்ரூஃப் வந்தது. அமெரிக்காவில் நிறம், தமிழ்நாட்டில் சாதி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் புத்தகம். ஒன்பது வருட உழைப்பு. அமெரிக்கவியல் துறையில் இரண்டையும் இவர் அளவுக்கு அறிந்தவர் இல்லை என்று பின்னட்டையில் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் அவருடைய ஆய்வு மாணவி, உதவியாளரும்கூட. பிப்ரவரி 20-க்குள் பிழை திருத்தி அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது என்று பதிப்பகம் எழுதியிருக்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பு 'நின்ற கிராமம்'. ஆங்கிலத்தில் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஒரு பேட்டியிலிருந்து எடுத்த தலைப்பு அது. கடலூர் மாவட்டத்தில் ஒரு காலனி. இருபத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மத்தியானம் தீப்பிடித்தது. பதினோரு குடிசை போனது. ஒரு குழந்தை செத்தது. குழந்தையின் தாய் சொன்னது இது:

"இடுப்புல சின்னது, கையில கொடம். ஓடறேன். ஊரே வந்து நின்னுச்சி கெணத்தண்ட. ஒரு கொடம் மோள முடியல. திரும்பி வந்து பாத்தா கூரை உக்காந்துடுச்சி."

சார் ஆங்கிலத்தில் போட்டிருப்பதைத் திரும்பத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கிராமம் முழுவதும் எங்களோடு வந்து கிணற்றருகே நின்றது. ஒரு குடம் தண்ணீர் எடுக்கவும் வழியில்லை.' கீழே அந்த வருடத்து வறட்சியைப் பற்றி ஒரு குறிப்பு. 'கிணறு வறண்டிருந்ததால்' என்று அரசாங்க அறிக்கையில் இருப்பதையும் மேற்கோள் காட்டியிருக்கிறார். அடுத்த பத்தியில் அவருடைய முடிவு: அமெரிக்கத் தெற்கில் ஒரு கறுப்பரைக் கொன்றபோது கூட்டம் வேடிக்கை பார்க்க நின்றது, இங்கே கூட்டம் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள நின்றது.

ஊர் என்றால் கிராமம் இல்லை. எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் அவர்கள். காலனி என்றால் நாங்கள். 'ஊர்ல கல்யாணம்' என்று யாராவது சொன்னால் எங்கள் வீடு எதிலும் இல்லை என்று அர்த்தம். 'ஊர் கூப்பிடுது' என்றால் எங்கள் ஆம்பளைகள் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போவார்கள். ஊர் வந்து கிணற்றண்டை நின்றால் அழுவதற்கு நிற்கவில்லை. எங்களை அண்டவிடாமல் நின்றது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது.

வெங்காயம், பால் வாங்க வேண்டும். பூட்ஸுக்குள் பனி போய்விட்டது.

ஜனவரி 21, புதன்

சாரிடம் சொல்லவில்லை. அவருக்கு இன்று மூன்று கூட்டம். எனக்குத் துணி துவைக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பனி பேயுதா?"

"பேயுதும்மா."

"தலைய மூடிக்க. பொஸ்தகம் என்னா ஆச்சி?"

"சித்திரை கழிச்சி வந்துடும்."

"என் பேரு போட்டிருக்கா?"

"பேரை மாத்திடுவாங்கம்மா. பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு?"

நான் சிரித்தேன்.

"என்னாத்துக்குச் சிரிக்கற? அஞ்சலாட்சின்னு போடச் சொல்லு. தீ யாரு வெச்சான்னு நான் பாக்கல. அத நான் சொல்ல மாட்டேன், பொய் சொன்னா வாய் அழுவிடும். கெணத்தண்ட நின்னவங்கள பாத்தேன். மொகம் மொகமா பாத்தேன். அத போடணும். கோர்ட்டுல கெணத்துல தண்ணியே இல்லன்னு எழுதிப்புட்டான். அமெரிக்காகாரன் எழுதினா அவன் எழுதினது அழிஞ்சிடும் இல்ல?"

"அழியாதும்மா. இது அதுக்குப் பக்கத்துல இருக்கும்."

"பக்கத்துலயாவது இருக்கட்டும்."

அந்தத் தாய் என் அம்மா. இடுப்பில் இருந்தது நான். செத்தது அக்கா மலர்க்கொடி, நாலு வயது.

சாருக்கு இது தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் கோடை விடுமுறையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, இருபது பேரைப் பேட்டி எடுத்துவரச் சொன்னார். பதினான்காவது ஆள் அம்மா. பெண், ஐம்பதுக்கு மேல், கூலி வேலை, கைநாட்டு. படிவத்தில், பேட்டி எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் உள்ள உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். கட்டம் சின்னது.

நான் பொய் சொல்லி இங்கே வரவில்லை. வந்த முதல் வாரத்தில் தமிழ்க்காரர்கள் எந்தப் பக்கம் என்றார்கள். கடலூர் என்றேன். டவுனா, மஞ்சக்குப்பமா என்று வசதியான மேல்சாதிக்காரர்கள் இருக்கும் பக்கத்தை அவர்களே சொன்னார்கள். தலையாட்டினேன். அவ்வளவுதான்.

ஜனவரி 29, வியாழன்

துறையில் பயிலரங்கு. எல்லோரையும் ஒரு கூடத்தில் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தாள். பிறப்பால் கிடைத்த வசதி இருந்தால் ஒரு அடி முன்னே. பிறப்பால் பட்ட கொடுமை இருந்தால் ஒரு அடி பின்னே. கடைசியில் யார் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துத் தெளிய வேண்டுமாம்.

"போலீஸ் உங்கள் வண்டியைக் காரணமில்லாமல் நிறுத்தியிருந்தால் ஒரு அடி பின்னே."

சார் பின்னே போனார். பின்னே போய் அந்தக் கதையைச் சொன்னார். தொண்ணூற்று நான்கில் ஒரு நெடுஞ்சாலையோரம் அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் முழங்காலை ஊன்றியிருக்கிறார்கள். குரல் நடுங்கியது. அது நடிப்பு இல்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

"உங்கள் பெற்றோர் கல்லூரிக்குப் போயிருந்தால் ஒரு அடி முன்னே."

சார் போனார். நானும் போனேன்.

"வளர்ந்த வீட்டில் புத்தக அலமாரி இருந்திருந்தால் ஒரு அடி முன்னே."

போனேன்.

"வீட்டு வேலைக்கு ஆள் இருந்திருந்தால்."

அதற்கும் போனேன். என் அம்மா அந்த ஆள். என் கால்கள் என்னைக் கேட்கவில்லை.

முடிந்தபோது சாரும் நானும் தோளோடு தோள் நின்றோம். அலபாமாக்காரி ஜனெல் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளும் என்னோடு ஆய்வு செய்கிறவள், கறுப்பினப் பெண். அங்கிருந்து கத்தினாள்.

"ஏ செவி! முன்னால காத்து நல்லா வருதா?"

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தி என்ற பெயர் இவர்கள் வாயில் நுழையாமல் செவியாகிவிட்டது.

சார் பொங்கல் விழாவில் இந்த விஷயத்தைத் தமிழில் சொன்னபோது 'சலுகை' என்ற வார்த்தையைப் போட்டார். வெள்ளையரின் சலுகை, ஆண்களின் சலுகை. என் கல்லூரியில் சலுகை என்றால் நாங்கள். 'சலுகையில வந்தது' என்று பெஞ்சில் பேனாவால் எழுதிவைத்திருந்தார்கள். மூன்று வருடம் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். வேறு பெஞ்சுக்குப் போனால் அங்கேயும் எழுதுவார்கள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பேட்டி எண் 14-ஐ மறுபடி கேட்டேன். என் குரல் ஆய்வாளர் குரலாக இருக்கிறது. 'அப்புறம்?' 'சரி, அப்புறம்?' ஏன் மோள முடியவில்லை என்று நான் கேட்கவே இல்லை. எப்படிக் கேட்பேன்? ஊர் நின்றது என்று காலனிக்காரி காலனிக்காரியிடம் சொன்னால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. வெயில் அடித்தது என்று சொன்னால் ஏன் சுட்டது என்று கேட்பார்களா?

எழுத்துப்படியில் 14:32 முதல் 14:39 வரை 'இருமல்' என்று இருக்கிறது. அந்த இடம் வருவதற்குள் நிறுத்திவிட்டேன். சோறு அடிபிடித்துவிட்டது.

பிப்ரவரி 8, ஞாயிறு

சார் வீட்டில் மதியச் சாப்பாடு. அவர் மனைவி வத்சலா வேறு கல்லூரியில் கணிதம் சொல்லித்தருகிறார். நல்ல மனுஷி. முதல் குளிர்காலத்தில் எனக்குத் தன் கோட்டைக் கொடுத்தவர். அதைத்தான் இன்றும் போட்டுக்கொண்டு போனேன்.

"மஞ்சக்குப்பத்துல எந்தப் பக்கம்மா? என் சித்தி அங்கதான் இருந்தா."

"பீச் ரோடு பக்கம்."

"எந்தத் தெரு?"

"இப்ப வித்துட்டோம், ஆன்ட்டி."

எதை விற்றோம் என்று அவர் கேட்கவில்லை.

ரசம் வந்தபோது ஆரம்பித்தேன். "சார், அஞ்சாவது சாப்டர்ல ஊர்ங்கற வார்த்தை..."

அவர் முகம் மலர்ந்தது. "அழகான வார்த்தை இல்ல? இங்கிலீஷ்ல அதுக்கு ஈடே கிடையாது. மூணு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன். வில்லேஜ்னு மட்டும் போட்டா வெறும் இடமா நிக்குது. 'எங்களோடு'ன்னு ஒரு வார்த்தை சேர்த்தேன். அப்பதான் அந்த ஒட்டுதல் வந்துது."

"சேர்த்தீங்களா?"

"மொழிபெயர்ப்புன்னா அதானேம்மா. சொல்லாம விட்டதக் கேக்கறது."

"ஊர்னா... எல்லாரும் இல்லையே சார்."

"ஊர்னா ஊர்தானே. எங்க வீட்டுல சாதிங்கற பேச்சே எடுத்ததில்ல, தெரியுமா? எங்கப்பா செத்தப்ப ஊரே திரண்டு வந்துது. யாரு எவருன்னு யாரும் பாக்கல."

பார்க்க வேண்டிய தேவை இல்லை, அவர்கள்தான் ஊர் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்பளத்தைக் கடித்தேன்.

"அந்த இன்னொரு குழந்தை, இடுப்புல இருந்துதே," என்றார். "இப்ப முப்பது வயசு இருக்கும். அது எங்க இருக்குன்னு விசாரிச்சியா?"

"இல்ல சார்."

"அடடா. அது மட்டும் வாயத் திறந்திருந்தா முடிவுரையே கிடைச்சிருக்கும்."

வத்சலா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். நல்ல ரசம்.

பிப்ரவரி 9, திங்கள்

அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் இதற்குள் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நூலகத்துக்குக் கீழே உள்ள காபிக் கடையில் ஜனெலிடம் அந்த வார்த்தையைப் பற்றிச் சொன்னேன். யாரோ ஒரு தாய், ஏதோ ஒரு காலனி என்று சொன்னேன். கையிலிருந்த பிஸ்கட்டை அவள் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ வழியை மறிச்சு நின்னவங்களை, கூட நின்னவங்கன்னு போட்டிருக்கார். எங்க தெற்குல கறுப்பரைக் கொன்னப்ப நின்ன கூட்டத்தோட ஒப்பிட்டு, அது வேற இது வேறன்னு வேற எழுதியிருக்கார்."

"ஆமா."

"போய்ச் சொல்லு."

"எப்படித் தெரியும்னு கேட்பார்."

"எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

ஜனெல் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவள் தாத்தாவின் தங்கையைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வெள்ளையர் என்று நம்பும்படி அவ்வளவு வெளுத்த நிறம். சிகாகோவுக்குப் போய் வெள்ளைக்காரியாகவே வாழ்ந்தாள். வீட்டுக்கு ஒரு கடிதம் இல்லை. தாத்தா ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலை பார்த்தார். ஒருநாள் அவளே ரயிலிலிருந்து இறங்கினாள். அவள் பெட்டியை இவர்தான் தூக்கினார்.

"என்ன சொன்னா?"

"நன்றின்னு சொன்னா. தங்கச்சி மாதிரி இல்ல. பயணி மாதிரி."

"தாத்தா?"

"வண்டியில ஏத்திவிட்டுட்டு வந்துட்டார். அவளைக் காட்டிக்கொடுக்கல. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து குடும்பப் படத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி மாட்டினார். நான் பிறந்தப்பவும் அது அப்படியேதான் இருந்துது."

காபி ஆறிப்போயிருந்தது.

"நான் உன்னை எதுவும் கேக்கல செவி," என்றாள். "சும்மா சொன்னேன்."

இவளுக்கு எவ்வளவு தெரியும்?

பிப்ரவரி 19, வியாழன்

நாளை கடைசி நாள். பதினோரு மணிக்கு சார் அறைக்குப் போனேன். ப்ரூஃபை விரித்து அந்த வாக்கியத்தின் மேல் விரலை வைத்தேன்.

"சார், இங்க ஊர்ங்கறது மேல்சாதிக்காரங்க. காலனி அதுல சேராது. அவங்க கூட நிக்கல. மறிச்சு நின்னாங்க. தண்ணி இருந்துது, எடுக்க விடல."

அவர் உடனே மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். அந்த வாக்கியத்தைத் தமிழில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை சொல்லும்போது குரல் மாறியது.

"ஊரே வந்து நின்னுச்சி... அவங்களா?"

"ஆமா சார்."

"ஐயோ."

பக்கத்தைத் திருப்பி, மறுபடி அதே இடத்துக்கு வந்தார்.

"செப்டம்பர்ல உங்கிட்ட டிராஃப்ட் குடுத்தேனே. அப்ப ஒண்ணும் சொல்லலையே நீ?"

"கவனிக்கல சார்."

"இது எனக்கு ஏன் தெரியல?" என்று அவரையே கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம்: "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பக்கத்துல பொதுவா..."

"மஞ்சக்குப்பத்துலயா?"

ப்ரூஃபிலிருந்து விரலை எடுத்தேன்.

"பாரு செவ்வந்தி. இது ஒரு வரி இல்ல. ஒரு சாப்டரே இதுமேலதான் நிக்குது. நீ சொல்றது சரின்னா நான் இன்னிக்கே பதிப்பகத்துக்குப் போன் பண்ணி, அந்த சாப்டர உருவிடறேன். சத்தியமா உருவிடறேன். ஆனா எனக்கு ஆதாரம் வேணும். அந்தம்மா இதுக்கு அடுத்து ஏதாவது சொல்லியிருப்பாங்க இல்ல? இங்க இருமல்னு போட்டிருக்கியே, அந்த இடத்தக் கேக்கலாம். டேப்பப் போடு."

கருவி என் பைக்குள் இருந்தது. என் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது.

"டேப் இல்ல சார்."

"இல்லன்னா?"

"ஃபைல் கெட்டுப்போச்சு. எழுத்துப்படி மட்டும்தான் இருக்கு."

சார் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. என் முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

"அப்ப வேற வழியில்ல. ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம். நீயே எழுதிக் குடு."

ஒன்பது வரி எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் இடமில்லை என்று ஒரு வரியாக்கினார். 'ஊர் என்ற சொல்லுக்குச் சில வட்டாரங்களில் வேறு பொருளும் உண்டு.'

அறைக்கு வந்து கருவியில் அந்த இடத்தைப் போட்டேன். அது இருமல் இல்லை. பதினான்காம் நிமிடம் முப்பத்திரண்டாம் நொடியில் அம்மா சொல்கிறாள்: "ஒனக்குத் தெரியாததா? கெணறு நெறையத் தண்ணி. அவங்கள மீறி எவ மோள்றது? நீதான இடுப்புல இருந்த, கத்திக்கினு."

ஏழு நொடி. எழுத்துப்படியில் கடைசி வாக்கியத்தை மட்டும் வெட்டியிருக்கலாம். அன்றைக்கு அவசரம். மொத்தமாக எடுத்துவிட்டு இருமல் என்று போட்டேன். அம்மாவுக்கு இருமலே கிடையாது.

பிப்ரவரி 20, வெள்ளி

ப்ரூஃப் போய்விட்டது. அனுப்பு என்ற பொத்தானை நான்தான் அழுத்தினேன்.

மார்ச் 11, புதன்

பனி உருகி நடைபாதையெல்லாம் சேறு. ஒலிப்பதிவை இணைத்துப் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'பேட்டி எண் 14 என் தாயார்' என்று முதல் வரி. நன்றாக வந்திருந்தது. வரைவுகளில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

வரைவுகளில் இருக்கிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

சித்திரை. அக்கா போன நாள். அம்மா இன்று அடுப்பு மூட்ட மாட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து கூழ் வரும், அதையும் பொழுது சாய்ந்துதான் குடிப்பாள். அப்பா இருந்தவரை இந்த நாளில் எங்காவது வேலைக்குப் போய்விடுவார்.

அக்காவின் முகம் எனக்குத் தெரியாது. போட்டோ எடுத்ததில்லை. சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டேன், அக்கா எப்படி இருப்பா என்று. 'உன்னவிட பேசும்' என்றாள்.

போன் செய்யவில்லை. செய்தால் புத்தகத்தைக் கேட்பாள்.

மே 6, புதன்

வெளியீட்டு விழா. கேக்கில் புத்தக அட்டையை வரைந்திருந்தார்கள். துறைத் தலைவர் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து வாசித்தார். 'இங்கே கூட்டம் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள நின்றது' என்ற இடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். ஜனெல் எழுந்து வெளியே போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

நன்றியுரைப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. 'கடலூர் மண்ணின் மகள் செவ்வந்திக்கு, அவரது கூர்மையான செவிகளுக்கு.'

"சந்தோஷமா?" என்றார் சார்.

"சந்தோஷம் சார்."

பேட்டி கொடுத்த இருபது பேருக்கும் ஆளுக்கொரு பிரதி போக வேண்டும், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது நம் கடமை என்றார். முகவரிப் பட்டியல் என்னிடம் இருந்தது. பதினான்காவதை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கர்சரைக் கொண்டுபோய் அந்தப் பெயரின் மேல் வைத்தேன். அஞ்சலாட்சி, காலனித் தெரு. எடுக்கவில்லை. பட்டியலை அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு அம்மாவிடமிருந்து வீடியோ அழைப்பு. அவளாக அழைப்பது அபூர்வம். பால்வாடி டீச்சரின் போன். அம்மா வெளியே பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம்.

"வந்துடுச்சின்னு நீ சொல்லவே இல்ல."

"சொல்லலாம்னுதாம்மா..."

"நல்ல கனம். தபால்காரரு என்னா அஞ்சலாட்சி, அமெரிக்கால சொத்து வாங்கிட்டியான்னு கேக்கறாரு. கையி தொடச்சிட்டுத்தான் பிரிச்சேன்." அட்டையைத் தடவினாள். "என் பேரு எந்தப் பக்கம்னு டீச்சரு தேடிச்சி. பேரு இல்ல. லட்சுமியாம். சரி, போவட்டும். நான் சொன்னது இந்த எடத்துல இருக்குதுன்னு எடுத்துக் குடுத்துச்சி."

"டீச்சர் படிச்சாங்களா?"

"படிச்சிது. என்னவோ சொல்லுது. ஊரு எங்ககூட வந்து நின்னுச்சாம். அழுதுச்சாம். கெணத்துல தண்ணி இல்லையாம்." அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அதுக்கு எங்க இங்கிலீசு தெரியும்? பத்தாவது படிச்ச பொண்ணு. தப்பாப் படிக்குதுன்னு சொன்னேன். எம் பொண்ணு அந்த ஆபீசுலயே இருக்கறா, எம் பொண்ணுதான் டேப்பு புடிச்சா, அவ இருக்கும்போது அப்படி எழுதுவாங்களான்னு கேட்டேன். போன என் கையில குடுத்துட்டு டீச்சரு எழுந்து போயிடுச்சி. தோ, உள்ளதான் நிக்குது."

பக்கத்தைத் தூக்கி போனுக்கு முன்னால் பிடித்தாள். முதலில் மங்கலாகவும் பிறகு தெளிவாகவும் தெரிந்தது. நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம். பென்சிலில் கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் மேல் அம்மாவின் விரல், நகக்கண்ணில் ஏரி மண்.

"இந்த எடம்தான. தெரியுதா?"

"தெரியுதும்மா."

"படி."

நான் ஆங்கிலத்தில் முதல் நான்கு சொற்களைப் படித்தேன்.

"அது எனக்கு என்னாத்துக்கு? தமிழ்ல சொல்லு. நான் சொன்னதுதான அது, எனக்குத் திருப்பிச் சொல்லு."

பக்கம் ஆடியது. கை வலித்திருக்கும். அவள் கீழே இறக்கவில்லை. பக்கத்துக்குப் பின்னால் அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"லைன் இருக்குதா? செவ்வந்தி, நான் பேசறது கேக்குதா?"

கேட்டது.

"கேக்குதுன்னா படி. கெணத்துல தண்ணி இருந்துச்சின்னு போட்டிருக்கா, இல்லையா? ஏன்டி பேச மாட்டேங்கற? படிடி."